நீக்கினாரா, நீங்கினாரா? தலைப்பிலேயே தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருவர் பதவியை விட்டுப் போன செய்தி எதுவானாலும் தமிழ் நாளிதழ்களின் தலைப்பில் 'பதவி நீக்கம்' என்ற இரண்டு சொற்களே வந்து நிற்கின்றன. ஆளுநர் அமைச்சரை நீக்கினாலும் அதுதான். நீதிமன்றத் தண்டனையால் எம்எல்ஏ பதவி போனாலும் அதுதான். அமெரிக்கக் கீழவை அதிபர்மீது குற்றம் சாட்டினாலும், ஏதோ ஒரு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தாலும் அதுவே. செய்தது யார், எந்த அதிகாரத்தில் செய்தார், முடிந்துவிட்டதா, இன்னும் நடக்கிறதா என்று கேட்டால் தலைப்பில் விடை இருப்பதில்லை. விடை சொல்லக்கூடிய வினைச்சொற்கள் தமிழில் புழக்கத்திலேயே இருக்கின்றன. செய்தி மேசை அவற்றைக் கைவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

இந்த வகை வினைகள் தமிழில் இரட்டையாகவே வரும். நீங்கினார், நீக்கினார். விலகினார், விலக்கினார். இறங்கினார், இறக்கினார். அகன்றார், அகற்றினார். கவிழ்ந்தது, கவிழ்த்தார். தன்வினை பிறவினையாகும்போது பொறுப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போய்விடுகிறது. பேச்சில் இதில் யாரும் தடுமாறுவதில்லை. தலைப்பு எழுதும்போதுதான் வினையைப் பெயராக்கி 'நீக்கம்', 'கவிழ்ப்பு', 'பறிப்பு' என்று முடித்துவிடுகிறோம். அந்தப் பெயருக்குக் காலம் கிடையாது, எழுவாயும் தேவையில்லை. 'துணைவேந்தர் நீக்கம்' என்றால் நீக்கியாயிற்றா, நீக்கப் போகிறார்களா, நீக்கச் சொல்லிக் கேட்கிறார்களா? மூன்றுக்கும் அதே தலைப்பைப் போட்டுவிடலாம். 'நீக்கப்பட்டார்' என்றால் காலம் தெரியும், நீக்கியவர் மறைந்துவிடுவார். எனவே, இடம் இருக்கும் தலைப்பில் 'இன்னாரை இன்னார் நீக்கினார்' என்று செய்வினையாகவே எழுதுவது நல்லது. இரண்டு சொல் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அமைச்சரிலிருந்து தொடங்கலாம். அரசமைப்பின் 164ஆவது கூறுப்படி மாநில அமைச்சர்கள் ஆளுநர் விரும்பும்வரை பதவியில் இருப்பார்கள். நடைமுறையில் முதல்வர் பரிந்துரைக்க, ஆளுநர் நீக்குவார். வழக்கமான நாட்களில் 'முதல்வர் நீக்கினார்' என்று எழுதினாலும் யாருக்கும் குழப்பம் இல்லை. 2023 ஜூன் 29 அப்படிப்பட்ட நாள் அல்ல. முதல்வரின் பரிந்துரை இல்லாமலே செந்தில் பாலாஜியை அமைச்சரவையிலிருந்து நீக்குவதாக ஆளுநர் அறிவித்தார். அன்றிரவே அந்த உத்தரவை நிறுத்திவைத்தார். இப்படிப்பட்ட இரவில் 'செந்தில் பாலாஜி நீக்கம்' என்று முன்னதாக அச்சேறும் வெளியூர்ப் பதிப்பு, காலையில் வாசகர் கைக்குப் போகும்போது தவறாகியிருக்கும். 'நீக்கியதாக ஆளுநர் அறிவிப்பு' என்று போட்டிருந்தால் நிறுத்திவைத்த பிறகும் அந்தத் தலைப்பு உண்மையாகவே இருக்கும். ஏனென்றால் அறிவித்தது நடந்துவிட்டது, நீக்கியது செல்லுமா என்பதுதான் கேள்வி.

இலங்கையில் 2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேன பிரதமர் ரணில் விக்ரமசிங்கவை நீக்கியதாக அறிவித்து, மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். ரணில் தாமே பிரதமர் என்றார். நவம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று டிசம்பர் 13இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 16ஆம் தேதி ரணில் மீண்டும் பதவியேற்றார். இடைப்பட்ட ஏழு வாரங்களில் அவரை 'முன்னாள் பிரதமர்' என்று எழுதியது ஒரு தரப்பின் வாதத்தைச் செய்தியாக ஏற்றுக்கொண்டதாகும். நீக்கும் அதிகாரமே வழக்கில் இருக்கும்போது 'நீக்கினார்' என்று முடித்து எழுதாமல் 'நீக்கியதாக அறிவித்தார்' என்று எழுதுவதுதான் சரி.

அடுத்தது 'ஆட்சிக் கலைப்பு'. நம் மாநிலத்தில் இந்தச் சொல் ஆழமாகப் பதிந்துவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. 1976 ஜனவரி 31, 1980 பிப்ரவரி 17, 1991 ஜனவரி 30 ஆகிய மூன்று முறையும் அமைச்சரவையை நீக்கியதும் சட்டமன்றத்தைக் கலைத்ததும் சேர்ந்தே வந்தன. அதனால் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிப் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் அவை இரண்டு வெவ்வேறு செயல்கள். எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் 1994இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்புக்குப் பிறகு, குடியரசுத் தலைவர் ஆட்சிக்காக 356ஆவது கூறின்கீழ் வந்த பிரகடனத்துக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தைக் கலைக்க முடியாது, முடக்கிவைக்கத்தான் முடியும். ஒப்புதலுக்கான காலம் 2 மாதம். உத்தராகண்டில் 2016 மார்ச் 27 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோது பேரவை முடக்கிவைக்கப்பட்டது, கலைக்கப்படவில்லை. அதனால்தான் மே மாதம் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அதே பேரவையில் வாக்கெடுப்பு நடந்து, ஹரிஷ் ராவத் வென்று முதல்வர் நாற்காலிக்குத் திரும்ப முடிந்தது. கலைக்கப்பட்ட பேரவையில் வாக்கெடுப்பு எப்படி நடக்கும்? 'ஆட்சி கலைப்பு' என்று படித்த வாசகருக்கு இந்தத் திருப்பம் விளங்கியிருக்கவே முடியாது.

இதே செய்தியில் எழுவாயும் தவறிவிடுகிறது. 'ஆளுநர் ஆட்சியைக் கலைத்தார்' என்று எழுதுகிறோம். ஆளுநர் அனுப்புவது அறிக்கை. பிரகடனம் செய்பவர் குடியரசுத் தலைவர், அதுவும் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி. 1991இல் தமிழக ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை அனுப்பவே மறுத்தார். ஆளுநரின் அறிக்கையால் மட்டுமல்ல, வேறு வகையில் தெரியவந்தாலும் செய்யலாம் என்று 356ஆவது கூறில் உள்ள வாசகத்தை வைத்துத்தான் தி.மு.க. அரசு நீக்கப்பட்டது. அந்த நிகழ்வுக்கு ஆளுநரை எழுவாயாக்கினால் மறுத்தவர் தலையிலேயே பழி விழுகிறது.

'கவிழ்ந்தது', 'கவிழ்த்தார்' இரண்டையும் அவை நடப்பு தெரிந்து பயன்படுத்த வேண்டும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் தோற்றது. அன்று வாக்கெடுப்புக்கு வந்தது நம்பிக்கை கோரும் தீர்மானம். அரசே கொண்டுவந்தது, அது தோற்றது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் எதிர்க்கட்சி கொண்டுவருவது. மக்களவையில் அதை எடுத்துக்கொள்ளவே 50 உறுப்பினர்கள் எழுந்து ஆதரிக்க வேண்டும். 1990 நவம்பரில் வி.பி.சிங், 1997 ஏப்ரலில் தேவகவுடா, 1999இல் வாஜ்பாய் ஆகிய மூவரும் நம்பிக்கை கோரித் தோற்றவர்கள். இவர்களைப் பற்றி 'நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தார்' என்று வரும் நினைவுக் குறிப்புகள் அத்தனையும் பிழை. 1979இல் மொரார்ஜி தேசாயும் 1996இல் வாஜ்பாயும் வாக்கெடுப்புக்கு முன்பே விலகினார்கள். அவர்களுக்கு 'விலகினார்' என்பதுதான் வினை. அரசுக்குக் 'கவிழ்ந்தது' என்று சொல்லலாம்; கவிழ்த்தவர் பெயரைப் போட்டால், யார் ஆதரவை எப்போது விலக்கிக்கொண்டார் என்ற விவரம் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும்.

விலகுவதிலும் படிகள் உண்டு. 2017 பிப்ரவரி 5 அன்று ஓ.பன்னீர்செல்வம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், மறுநாள் ஆளுநர் ஏற்றார், 7ஆம் தேதி இரவு தம்மைக் கட்டாயப்படுத்தி விலக வைத்தார்கள் என்றார். 'விலகினார்' என்பது ஆவணத்தில் உள்ள உண்மை. 'விலக வைத்தார்கள்' என்பது அவரது குற்றச்சாட்டு. அவர் சொன்னதாகவே அது அச்சாக வேண்டும். எம்எல்ஏ, எம்பி ராஜினாமா அவைத்தலைவர் ஏற்றால்தான் செல்லும். தாமாக முன்வந்து கொடுத்ததா என்று அவர் பார்க்கவும் வேண்டும், அது 1974இல் 33ஆவது திருத்தத்தில் வந்த விதி. எனவே கடிதம் கொடுத்த அன்று 'ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விஷயம் வேறு. அவர்கள் கைப்படக் குடியரசுத் தலைவருக்கு எழுதினால் போதும், 'ஏற்பு' என்ற படியே கிடையாது.

இப்போது தகுதி. இங்கேதான் செய்தித்தாள்கள் அதிகம் சறுக்குகின்றன. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 8(3) பிரிவுப்படி, 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவர் தீர்ப்பு வந்த நாளிலிருந்தே தகுதி இழக்கிறார். மேல்முறையீட்டுக்கு 3 மாத அவகாசம் தந்துவந்த 8(4) பிரிவை லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இங்கே யாரும் யாரையும் நீக்குவதில்லை. பேரவைச் செயலகம் செய்வது இடம் காலி என்று அறிவிக்கை வெளியிடுவது மட்டும்தான். 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றத் தீர்ப்பால் ஜெயலலிதா எம்எல்ஏ பதவியை இழந்தார், அதோடு முதல்வர் பதவியையும் இழந்தார். 'இழந்தார்' என்பது பொருத்தமான வினை. கட்சித்தாவல் வேறு. அரசமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி அவைத்தலைவர் விசாரித்து முடிவெடுக்கிறார். 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் 18 எம்எல்ஏக்களைத் தகுதிநீக்கம் செய்தார். செய்தவர் இருக்கிறார், அவர் உத்தரவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவும் முடியும், கேட்டார்கள். ஆகவே முதல் வகைக்குத் 'தகுதியிழந்தார்', இரண்டாம் வகைக்குத் 'தகுதிநீக்கம் செய்தார்'. 2001 செப்டம்பர் 21 தீர்ப்பு மூன்றாவது வகை. அன்று உச்ச நீதிமன்றம் ஜெயலலிதாவை முதல்வராக நியமித்ததே செல்லாது என்றது. நீதிமன்றம் அவரை 'நீக்கியது' என்று எழுதுவது அந்தத் தீர்ப்பின் சாரத்தையே விட்டுவிடுவதாகும்.

கட்சியிலிருந்து நீக்கினால் எம்எல்ஏ பதவி போகாது. இதை ஒவ்வொரு முறையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். நீக்கப்பட்டவரும், பத்தாவது அட்டவணையைப் பொறுத்தவரை, தேர்ந்தெடுக்கப்பட்டபோது இருந்த கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார் என்பது 1996இல் தமிழக வழக்கு ஒன்றிலேயே வந்த தீர்ப்பு. 'பொறுப்பிலிருந்து விடுவிப்பு' என்று கட்சித் தலைமை மென்மையாக எழுதி அனுப்பினால், நீக்கியதா, அவரே கேட்டுக்கொண்டாரா என்று செய்தியாளர் விசாரித்து எழுத வேண்டும். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆரை தி.மு.க. முதலில் தற்காலிகமாக நீக்கியது, சில நாட்களில் முழுமையாக நீக்கியது. 'வெளியேறினார்' என்று எழுதுவோரும் உண்டு. அந்த ஒரு வினையில் ஒரு கட்சியின் வரலாற்றையே மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

வெளிநாட்டுச் செய்திகளில் 'இம்பீச்மென்ட்' என்பதைப் 'பதவி நீக்கம்' என்று போடுவதுதான் இருப்பதில் பெரிய பிழை. அமெரிக்காவில் கீழவை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டுகிறது. மேலவை விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தண்டித்தால்தான் அதிபர் நீங்குவார். 1998 டிசம்பரில் கிளிண்டன்மீதும், 2019 டிசம்பர் 18, 2021 ஜனவரி 13 என இருமுறை டிரம்ப்மீதும் கீழவை குற்றம் சாட்டியது. மூன்று முறையும் மேலவை விடுவித்தது. 'டிரம்ப் பதவி நீக்கம்' என்று படித்துவிட்டு, மறுவாரமும் அவர் அதிபராக இருப்பதைப் பார்க்கும் வாசகர் என்ன நினைப்பார்? நிக்சன் கதை நேர்மாறானது. முழு அவையின் வாக்கெடுப்புக்கு முன்பே 1974 ஆகஸ்டில் விலகிவிட்டார். அவர்மீது குற்றத்தீர்மானம் நிறைவேறவும் இல்லை, அவர் நீக்கப்படவும் இல்லை.

தென்கொரியாவில் படி இன்னும் நுட்பமானது. 300 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 200 வாக்கு விழுந்தால் அதிபரின் அதிகாரங்கள் அந்தக் கணமே நின்றுவிடும், பதவி போகாது. அரசமைப்பு நீதிமன்றம் 180 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும், நீக்குவதற்கு 6 நீதிபதிகள் உடன்பட வேண்டும். பார்க் கியுன் ஹே 2016 டிசம்பர் 9இல் இடைநிறுத்தப்பட்டு, 2017 மார்ச் 10இல் நீக்கப்பட்டார். யூன் சுக் இயோல் 2024 டிசம்பர் 14இல் இடைநிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 4இல் நீக்கப்பட்டார். ரோ மூ ஹியுன் 2004 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்டு, மே மாதம் நீதிமன்றம் மறுத்ததால் பணிக்குத் திரும்பினார். முதல் நாளே 'பதவி நீக்கம்' என்று போட்டுவிட்டால் இறுதித் தீர்ப்பு நாளில் போட ஒரு சொல் மிஞ்சாது. ஈழத்து நாளிதழ்கள் இதற்குக் 'குற்றப்பிரேரணை' என்ற சொல்லைப் பல காலமாகப் பயன்படுத்துகின்றன. நாம் 'பிரேரணை'யைத் 'தீர்மானம்' என்போம், எனவே 'குற்றத்தீர்மானம்' நமக்குச் சுலபமாக ஒட்டும். 'அதிபர்மீது குற்றத்தீர்மானம் நிறைவேறியது' என்றால் எவருக்கும் புரியும்.

நம் நாட்டு நீதிபதிகளை நீக்கும் நடைமுறையிலும் படிகள் உண்டு. மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட்ட நோட்டீஸ், அவைத்தலைவர் அதை ஏற்பது, மூவர் குழு விசாரணை, இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும் வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கும், கடைசியாகக் குடியரசுத் தலைவர் உத்தரவு. அந்த உத்தரவு வரும்வரை 'நீக்கக் கோரினர்', 'நீக்கும் தீர்மானம் ஏற்பு', 'நீக்கும் தீர்மானம் நிறைவேறியது' என்பவை மட்டும்தான் எழுதத்தக்கவை. 1993 மே மாதம் நீதிபதி வி.ராமசாமியை நீக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக 196 வாக்கு விழுந்தது. எதிராக ஒன்றுகூட இல்லை, 205 பேர் வாக்களிக்காமல் இருந்தனர், தீர்மானம் தோற்றது. 2011இல் நீதிபதி சௌமித்ர சென் விஷயத்தில் மாநிலங்களவை தீர்மானத்தை நிறைவேற்றியது, மக்களவைக்கு வருமுன் அவரே விலகினார். இருவரில் எவரும் 'நீக்கப்பட்டவர்' அல்ல.

அரசு ஊழியர் செய்திகளில் ஏற்படும் தவறு சாதாரண மனிதரின் மானத்தைத் தொடுவது. 'சஸ்பெண்ட்' என்பது தண்டனையே அல்ல, விசாரணைக்காக நிறுத்திவைப்பது. அந்தக் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு, வேலை போகவில்லை. பிறகு ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)யின்கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, பதில், விசாரணை, அதன் முடிவில்தான் தண்டனை. 'பணியிடை நீக்கம்' என்ற சொல்லை வாசகர் 'நீக்கம்' என்றே படித்துக்கொள்கிறார். 'சஸ்பெண்ட்' என்ற சொல் ஊர் முழுக்கப் புரிவதால் அதையே போடுவது நேர்மையானது. வேலை போவதிலும் இரண்டு வகை உண்டு. அரசமைப்பின் 311ஆவது கூறு இரண்டையும் தனித்தனியே சொல்கிறது, இரண்டுக்கும் விசாரணை வேண்டும். ஒன்றில் பொதுவாக மறுபடி அரசுப் பணிக்கு வர முடியாது. மற்றதில் அந்தத் தடை இல்லை. கோப்புகளில் முன்னதைப் பணியறவு என்றும் பின்னதைப் பணிநீக்கம் என்றும் எழுதுவார்கள். செய்தியிலும் அப்படியே எழுதலாம். காவல் அதிகாரியைக் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றினால் அது இடமாற்றம்தான், அவர் பதவியும் சம்பளமும் அப்படியே இருக்கும். ஊராட்சித் தலைவரிடமிருந்து காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தை ஆட்சியர் எடுத்துக்கொண்டாலும் அவர் தலைவர்தான். தலைவரை நீக்குவதற்கு ஊராட்சிகள் சட்டம் 205ஆவது பிரிவின்படி நோட்டீஸ், விளக்கம், வட்டாட்சியர் கூட்டும் ஊராட்சிக் கூட்டம் எல்லாம் நடந்தாக வேண்டும்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை 'பதவி நீக்கம்' என்று எழுதுவது அதற்குச் சட்டச் சாயம் பூசுவது. 'ராணுவப் புரட்சி' அதைவிட மோசம், மக்கள் எழுச்சிக்கு வைத்திருந்த சொல்லைத் துப்பாக்கிக்குக் கொடுத்துவிடுகிறோம். மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று நடந்ததற்கு 'ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது' என்ற நேரான வாக்கியம் போதும்.

'பறிப்பு', 'தூக்கியடிப்பு', 'கல்தா', 'விரட்டியடிப்பு' ஆகியவற்றைச் செய்திப் பக்கத்திலிருந்து எடுத்துவிடலாம். பறித்தார் என்றால் அநியாயமாக எடுத்தார் என்று பொருள். அதைச் சொல்லும் உரிமை கட்டுரையாளருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு, மேற்கோளில் வரட்டும்.

இந்தப் பிழைகள் அறியாமையால் மட்டும் வருவதில்லை. ஒற்றைப் பத்தித் தலைப்பில் இடம் இல்லை. முகமைச் செய்தியில் 'அவுஸ்டட்', 'சேக்ட்', 'இம்பீச்ட்' என்று எது வந்தாலும் இரவுப்பணி உதவி ஆசிரியர் கை 'நீக்கம்' என்றே தட்டுகிறது. இடம் குறைவானால் 'நீக்கினார்', 'விலகினார்', 'இழந்தார்', 'தோற்றார்', 'இடைநிறுத்தம்' என்ற ஒற்றைச் சொற்களே போதும், 'பதவி நீக்கம்' என்பதைவிட இவை குறுகியவைகூட. செய்தி மேசையில் இவற்றை அரைப் பக்கத்தில் அச்சிட்டு ஒட்டிவையுங்கள். உத்தரவின் நகலில் கையெழுத்திட்டவர் யார், எந்தச் சட்டப் பிரிவு, எந்தத் தேதியிலிருந்து நடப்புக்கு வருகிறது என்று பார்க்காமல் வினையை எழுத வேண்டாம் என்றும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையப் பதிப்பில் முதலில் 'நீக்கம்' என்று போட்டுப் பிறகு சத்தமில்லாமல் மாற்றும் வழக்கத்தை நிறுத்தி, எந்தத் தலைப்பு எத்தனை மணிக்கு எப்படித் திருத்தப்பட்டது என்று செய்தியின் அடியில் ஒரு வரி போடுங்கள். குறிப்பாக, சஸ்பெண்ட் ஆன ஊழியரை 'நீக்கம்' என்று எழுதிவிட்டால் மறுநாளே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வர வேண்டும்.

இப்படிக்கு,
நாள்தோறும் தங்கள் நாளிதழை வாசிக்கும் ஒருவர்